எலப்புள்ளியும் பழைய நிலப்படமும்

ஊரை விட்டு வந்த நம்மனோர்க்கு ஊரைக் காட்டும் கருவிகளுள் பழைய நிலப்படமும் ஒன்று. பாலக்காட்டின் கீழ்த்திசையிலுள்ள எலப்புள்ளி வட்டாரத்தின் படத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அங்குத் தொடங்கிய முக்கோண அளவையே பின்னர் நாடெங்கும் நிலப்படங்களுக்கு அடிப்படையாயிற்று. மைல் ஒன்றுக்கு அங்குலம் ஒன்றாக வரையப்பெற்ற அளவைத் துறைப் படங்களில் பாலக்காட்டுப் பகுதி 58 பி என்னும் எண்ணின்கீழ் வரும். விளைநிலம் மஞ்சள், காடு பச்சை, நீர் நீலம், உயரக் கோடுகள் பழுப்பு.

அப்படத்தை விரித்தால் வடக்கிலும் தெற்கிலும் பழுப்புக் கோடுகள் நெருங்கி நிற்கும். நடுவில் கணவாய்ப் பகுதியில் அவை அகன்று விடும். கணவாயின் கீழ்ப்பகுதியில் மேற்கினும் மழை குறைவு. ஆதலின் உழவர் ஏரியும் குளமும் வெட்டி நீரைத் தேக்கினர். படத்தில் காணும் நீலத் திட்டுகள் அவர்தம் உழைப்பின் சான்றுகளேயாம்.

எல்லைக் கோடுகளின் கதை வேறு. எலப்புள்ளி மலபாரைச் சேர்ந்தது. அண்டையிலுள்ள சிற்றூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. 1949இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956 நவம்பர் 1இல் மலபார் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தில் சேர, மாநில எல்லை கிழக்கே நகர்ந்தது. தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆற்றுக்கும் அக்கோடு தடையன்று. ஆனைமலையினின்று இறங்கும் ஆழியாறு இன்றும் எல்லை கடந்து சிற்றூர்ப்புழையாய்ப் பாரதப்புழையை அடைகின்றது. பாரதப்புழையின் வடிநிலம் 6,186 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 4,400 கேரளத்திலும் எஞ்சியது தமிழ்நாட்டிலும் உள்ளன.

ஆயினும் நிலப்படத்திற்கும் ஒரு குறை உண்டு. குளத்தின் வடிவை அது காட்டும். அக்குளத்தை வெட்டியவர் யார், மடை திறக்கும் முறை யாருடையது, களத்துமேட்டிற்கு வழங்கிய பெயர் யாது என்பவற்றைக் காட்டாது. அவை முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. குளம் தூர்ந்தால் பழைய படமேனும் அதன் இடத்தைச் சொல்லும். முதியோர் மறைந்தால் பெயரைச் சொல்வார் இல்லை.

ஆகவே சங்க அன்பர்கட்கு நாம் கூறும் வேண்டுகோள் இஃதே. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நிலப்படத்தின் படியொன்றை உடன்கொண்டு செல்வோம். பாட்டனார் பாட்டியாரருகே அமர்ந்து, ஒவ்வொரு நீலத் திட்டிற்கும் உரிய பெயரைக் கேட்டு நம் கையால் எழுதுவோம். அளவையாளர் தொடங்கிய பணியை நிறைவு செய்வது நம் கடமையாகும்.