குளிசையை எப்ப நிறுத்தலாம்? ஒரு வளைகோட்டின் வரலாறு

உண்மையைச் சொன்னால், எங்களில் கனபேர் உயர்தரத்தில் கலைப்பிரிவுக்கு வந்ததே கணிதத்துக்குப் பயந்துதான். சாதாரண தரத்தோடு மூடி வைத்த மடக்கை அட்டவணையைப் பிறகு ஒருத்தரும் திறக்கவில்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஒரு விசயம் எங்கே தொடங்கினது, யார் எந்தச் சான்றை வைத்து என்ன சொன்னார்கள் எண்டு பின்னால் போய்த் தேடுவோம். அப்படித் தேடினபோது அகப்பட்டதுதான் இந்தக் கதை. ஒரு குருதிப் புற்றுநோய், ஒரு குளிசை, இரண்டு கணித மாதிரியுருக்கள். நடுவில் ஒரு கேள்வி: நோய் கண்ணுக்குத் தெரியாமல் போனால், அது முடிஞ்சு போச்சு எண்டு அர்த்தமா?

இந்தக் கேள்வியை எண்களால் இறுக்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் ஹவார்ட் ஸ்கிப்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பேர்மிங்ஹாம் நகரில், லுக்கீமியா உள்ள எலிகளை வைத்து ஆய்வு செய்தவர். 1964 இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு எளிமையானது. ஒரு தடவை கொடுக்கிற மருந்து குறித்த எண்ணிக்கையான கலங்களைக் கொல்வதில்லை, குறித்த விகிதமான கலங்களையே கொல்லுது. 100 கோடிக் கலங்களில் 99.9% ஐ அழித்தாலும் 10 இலட்சம் மிஞ்சும். எலியைக் கொல்ல ஒரேயொரு லுக்கீமியாக் கலமே போதும் எண்டும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே நோய் மறைந்த பிறகும் மருந்தை விடக்கூடாது. சிறுவர்களின் லுக்கீமியாவுக்குப் பல மருந்துகளைச் சேர்த்து, தொடர்ந்து கொடுக்கும் முறைக்கு இந்தக் கணக்கு பலம் சேர்த்தது.

ஆனால் ஸ்கிப்பரின் கணக்கில் எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி. கலத்துக்குள்ளே என்ன நடக்குது எண்ட கேள்வி அதில் இல்லை. அதற்கு வேறொரு நகரத்துக்குப் போகவேண்டும்.

1960 இல் பிலடெல்பியாவில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர் நாட்பட்ட மைலோயிட் லுக்கீமியா நோயாளர்களின் குருதிக் கலங்களில் வழமையை விடக் குட்டையான ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். 1973 இல் சிக்காகோவில் ஜேனற் ரௌலி நிறமூர்த்தங்களின் படங்களை வெட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பார்த்து, காரணத்தைப் பிடித்தார். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. அந்த ஒட்டில் இரண்டு பரம்பரை அலகுகள் சேர்ந்து ஒரு புதிய புரதத்தை உண்டாக்குகின்றன எண்டது 1980களில் தெளிவானது.

ஒரு கலம் தன் பாட்டுக்குப் பிரிவதில்லை. வெளியிலிருந்து சமிக்ஞை வரும், உள்ளே சில புரதங்கள் ஆளி மாதிரித் திறந்து மூடி அதைக் கடத்தும், பிறகுதான் பிரிவு. இந்தப் புதிய புரதமோ மூடாத ஆளி. அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே இறுகிப்போன மாதிரி: வாசலில் ஒருத்தரும் இல்லை, மணி மட்டும் அடிச்சுக்கொண்டே இருக்கு. நிக்கலஸ் லைடன் உள்ளிட்ட மருந்து இரசாயனவியலாளர்களும் ஒரேகன் மாநில மருத்துவர் பிறையன் ட்றூக்கரும் அந்தப் பொத்தானை விடுவிக்கும் மருந்தைத் தேடினார்கள். கிடைத்தது இமாட்டினிப். 1998 இல் மனிதர்களில் பரிசோதனை தொடங்கியது. போதிய அளவு மருந்து எடுத்த 54 பேரில் 53 பேருக்குக் குருதிக் கல எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது எண்டு 2001 ஏப்ரலில் அறிக்கை வந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

பாதிக் கதை இங்கே முடியுது. மிச்சப் பாதி, நாங்கள் மூடி வைத்த மடக்கை அட்டவணையில் இருக்கு.

2005 இல் ஹார்வர்டில் இருந்த பிரான்சிஸ்கா மிக்கோர், மார்ட்டின் நோவாக் ஆகியோர் மருத்துவர்களோடு சேர்ந்து இமாட்டினிப் எடுத்த 169 நோயாளர்களின் அளவீடுகளை ஆராய்ந்தார்கள். குருதியில் அந்தப் பிழையான பரம்பரை அலகின் தடயம் எவ்வளவு எண்டதை மடக்கை அளவிடையில் வரைந்தபோது, கோடு நேராக இறங்காமல் இடையில் முறிந்தது. முதலில் நாளொன்றுக்குச் சுமார் 5% இறக்கம், அதாவது இரண்டு கிழமையில் பாதி. பிறகு 0.8% அளவில்தான். அந்த வேகத்தில் பாதியாகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் வேணும்.

ஏன் முறியுது? அவர்களின் மாதிரியுரு குருதி உருவாவதை நான்கு தண்ணித் தாங்கிகள் மாதிரி எடுத்தது. மேலே மூலக் கலங்கள், அடுத்ததாக அவற்றின் வாரிசுகள், கீழே முதிர்ந்த கலங்கள். ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு சமன்பாடு: உள்ளே வருவது கழித்தல் வெளியே போவது. மருந்து, தாங்கிகளுக்கு இடையிலுள்ள குழாயை ஒடுக்குது. கீழ்த் தாங்கி கெதியாக வத்தும், நடுத் தாங்கி மெதுவாக வத்தும். ஆனால் மேல் தாங்கியை மருந்து தொடுவதேயில்லை எண்டுதான் கணக்கு சொன்னது. குளிசையை நிறுத்தினால் நோய் திரும்பும். நிறுத்திய சிலரில் திரும்பியும் இருந்தது.

அடுத்த வருடமே, 2006 இல், ஜேர்மனியின் லைப்சிக்கில் இருந்து இங்கோ ரோடர் குழுவினர் வேறொரு மாதிரியுருவை வெளியிட்டார்கள். அவர்களின் கணக்கில் மூலக் கலங்கள் நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் மாறிக்கொண்டிருக்கும், மருந்து விழித்தவற்றை மட்டும் தாக்கும். அப்படியெண்டால் மேல் தாங்கியும் வத்தும், ஆனால் பல வருடம் எடுக்கும். நித்திரையில் இருப்பவற்றை எழுப்பிவிட்டால் கெதிப்படுத்தலாம்.

கவனியுங்கோ, முறிந்து இறங்கும் கோட்டை இரண்டு மாதிரியுருக்களும் விளக்கின. ஒரே கல்வெட்டை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிக்கிற சண்டை எங்களுக்குப் புதுசில்லை. அந்தச் சண்டையில் எழுதியவனைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. இங்கே கேட்க ஒரு வழி இருந்தது: குளிசையை நிறுத்திப் பார்ப்பது.

அது சின்ன விசயமில்லை. தினமும் விழுங்கும் குளிசைக்குப் பக்கவிளைவுகள் உண்டு. பிள்ளை பெற நினைக்கும் பெண்களுக்கு அது பெரிய தடை. விலை இன்னொரு பக்கம். இந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்ததும், அந்த வழக்கு 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராக முடிந்ததும் விலை பற்றிய சண்டைதான். ஆனால் நிறுத்தினால் அடக்கி வைத்த நோய் திரும்பி வரலாம்.

பிரான்சில் மாஓன் என்ற மருத்துவரின் தலைமையில், இரண்டு வருடமாவது நோயின் தடயமே தெரியாத 100 பேர் மருந்தை நிறுத்தினார்கள். 2010 இல் முடிவு வந்தது. ஒரு வருடமாவது அவதானிக்கப்பட்ட 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மற்றவர்களுக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மருந்தை மீண்டும் தொடங்கியபோது அது வேலை செய்தது.

அப்ப யார் சொன்னது சரி? முதல் கணக்கின்படி எல்லாருக்கும் திரும்பியிருக்க வேணும், திரும்பவில்லை. இரண்டாவது கணக்கின்படி மூலக் கலங்கள் முழுதாய் அழிய இதைவிட நீண்ட காலம் வேணும், ஆனால் சிலர் அதற்கு முதலே மருந்தில்லாமல் இருந்தார்கள். இரண்டிலும் ஏதோ விடுபட்டிருந்தது. மிஞ்சிய கலங்களை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே அடக்கி வைக்குது எண்ட எண்ணம் பிறகு வந்த மாதிரியுருக்களில் சமன்பாடாக நுழைந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. நோய் நன்றாக அடங்கியவர்களுக்குப் பாதி அளவு மருந்தே போதும் எண்டு 2018 இல் வெளிவந்த ஒரு கணிப்பு சொன்னது. அந்த நேரத்தில் பிரித்தானியாவில் 174 பேர் மருந்தைப் பாதியாக்கி, ஒரு வருடத்தின் பின் நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையில் இருந்தார்கள். பாதி மருந்தில் இருந்த வருடத்தில் அவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு நோய் திரும்பவில்லை. ஐரோப்பாவில் 700க்கு மேற்பட்டோர் பங்கேற்ற இன்னொரு பரிசோதனையில், நிறுத்தி இரண்டு வருடத்தின் பின்னும் சுமார் பாதிப்பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். இன்று தகுதியான நோயாளர்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், அடிக்கடி குருதிப் பரிசோதனையோடு மருந்தை நிறுத்திப் பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. தானாக நிறுத்துகிற விசயமில்லை எண்டதையும் சேர்த்தே வாசியுங்கோ.

கணித மாதிரியுரு எண்டால் நாங்கள் சோதிடம் மாதிரி ஒண்டைத்தான் நினைச்சிருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால், அது தான் நம்புகிறதை எண்ணாக எழுதி, பிழையெண்டு காட்டக்கூடிய மாதிரி மேசையில் வைக்குது. 2005 ஆம் ஆண்டுக் கணக்கு அப்படித் துணிந்து எழுதப்பட்டதால்தான் 2010 இல் அது எந்த இடத்தில் பிழைத்தது எண்டு சொல்ல முடிந்தது. பிழைத்த இடத்தில்தான் அடுத்த கேள்வி பிறந்தது.

ஆனால் சமன்பாட்டைச் சோதித்தது காகிதத்தில் இல்லை. குளிசை டப்பாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த 100 பேரில். அவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் ஒரு வளைகோட்டின் படிகளாக மட்டும் இருக்கிறார்கள்.