டீக்கடைப் பெஞ்சின் சரித்திரம்

1860-களின் பிற்பகுதியில், இளம் பிராயத்து உ. வே. சாமிநாதையர் தம் பெற்றோருடன் அரியலூரிலும் குன்னத்திலும் வாசம் செய்து, பிறகு பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்ட அந்த நாட்களில், இந்தப் பிரதேசத்தின் செம்மண் பாதைகளில் கால்நடையாகவோ கட்டை வண்டியிலோ சென்ற வழிப்போக்கனுக்குத் தாகம் எடுத்தால் கிடைக்கக்கூடியவை மோரும் நீராகாரமும், வேனிற்காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் வார்க்கும் பானகமும், ஊருக்கு வெளியே கள்ளுந்தான். சத்திரங்கள் இருந்தன, ஆனால் அங்கே தாகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஜாதியைக் கேட்டார்கள். காசைக் கொடுத்துவிட்டு, இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமலே உட்கார்ந்து, சூடாக ஒன்றை அருந்தி எழுந்து போகலாம் என்ற ஏற்பாடு அக்காலத்தில் யாருடைய கற்பனையிலும் இருந்திருக்க நியாயமில்லை.

அதே காலத்தில் லண்டன் மாநகரத்தில் அந்த ஏற்பாடு உருவாகத் தொடங்கியிருந்தது. காற்றூட்டிய ரொட்டி தயாரித்த ஏ.பி.சி. என்னும் கம்பெனி 1864-ல் அங்கே ஒரு தேநீர் அறையைத் திறந்தது. 1875-ல் கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் கிரான்ஸ்டன் என்ற தேயிலை வியாபாரி, மாதிரி பார்க்க வந்தவர்களை உட்காரவைத்துக் கோப்பையில் தேநீர் கொடுக்கலானார். அவருடைய சகோதரி கேட் கிரான்ஸ்டன் அதையே ஒரு கலையாக வளர்த்து, 1903-ல், சார்லஸ் ரென்னி மெக்கின்டோஷ் என்னும் கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தில் அமைந்த ‘வில்லோ’ தேநீர் அறையைத் திறந்தார். லண்டன் பிக்கடிலி வீதியில் லயன்ஸ் கம்பெனியின் முதல் தேநீர்க் கடை 1894-ல் வந்தது. மதுவிலக்குப் பிரசாரகர்கள் இவற்றை ஆதரித்தார்கள் என்பது ஒரு விசேஷம். அதைவிடப் பெரிய விசேஷம், ஆண் துணையின்றிக் கடைவீதிக்கு வந்த ஒரு பெண், மதுக்கடைக்குள் நுழையாமலும் மானத்துக்குப் பங்கம் வராமலும் அரைமணி நேரம் உட்காரத்தக்க இடம் அந்நாட்டிலும் முதன்முதலில் இந்த அறைகளில்தான் தாராளமாகக் கிடைத்தது என்பதாகும். வாக்குரிமை கேட்டுப் போராடிய மாதர்கள் கூடிப் பேசிய இடங்களில் தேநீர் அறைகளும் உண்டு. இன்றைக்கும் லண்டனுக்குப் போகிற நம்மவர் நல்ல தேநீர் அறை எங்கே என்று விசாரிக்கும்போது மேஜை விரிப்பையும் கோப்பையின் மெருகையும் பற்றியே கேட்கிறார்கள். அந்த அறைகளின் உண்மையான பெருமையோ, அவை யாருக்கு நாற்காலி போட்டன என்பதில் இருக்கிறது.

அந்தக் கோப்பைகளில் ஊற்றிய தேநீருக்கும், அந்நாளில் இந்தப் பிரதேசம் அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867-ல் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தீவின் காப்பிச் செடிகளில் கண்ட இலைநோய், சில காலத்துக்குள் காப்பித் தோட்டங்களை அழித்து, மலைநாடு முழுவதையும் தேயிலைக்கு ஒப்புக்கொடுத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் திரட்டும் பொருட்டு இலங்கைத் தோட்டத் துரைமார் 1904-ல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பொய்க்கிற அந்த ஜில்லாவின் வறண்ட கிராமங்களிலிருந்து, கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மண்டபம் முகாமைத் தாண்டிக் கடல் கடந்தவர்கள் அநேகர். ஆகவே இப்பக்கத்துக் குடியானவர்களுக்குத் தேயிலை முதலில் ஒரு பானமாக அறிமுகமாகவில்லை. முதுகில் கூடையாகவும், தீராத கடனாகவுமே அறிமுகமாயிற்று.

பானமாக அது வந்து சேர்ந்தது வியாபாரிகளின் நெருக்கடியினால். 1903-ல் தேயிலைத் தீர்வைச் சட்டம் ஏற்பட்டு, ஏற்றுமதியாகும் தேயிலையின்மீது விதித்த சிறு வரியைக் கொண்டு பிரசாரம் நடந்துவந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்து, 1933-ல் உற்பத்தி நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, வெளியே போக முடியாத தேயிலையை இந்தியர்களையே குடிக்கவைத்தாலன்றி வழியில்லை என்ற நிலை வந்தது. 1937-ல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவு வாரியம் என்ற பெயர் பெற்ற அமைப்பினர், சந்தைகளிலும் ஆலை வாசல்களிலும் தேநீர் போட்டுக் காட்டினார்கள்; காசுக்கு ஒரு பொட்டலம் விற்றார்கள்; தேநீர் தயாரிக்கும் முறையை வட்டார மொழிகளில் எழுதி ரயில் நிலையங்களில் மாட்டினார்கள். 1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் ‘கார்டு லைன்’ போட்டபோது அரியலூர் அந்தப் பாதையில் ஒரு நிலையமாயிற்று. ரயிலே காணாத பெரம்பலூருக்கோ பெருஞ்சாலைதான் ரயில். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடிய பஸ்களும் லாரிகளும் நின்ற இடமெல்லாம் அங்கே கீற்றுக் கொட்டகைகள் முளைத்தன.

காப்பி அந்தக் காலத்தில் கௌரவத்தின் சின்னம். ‘காப்பி கிளப்’ என்று பெயர் பெற்ற பட்டணத்து ஹோட்டல்களில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தெற்கு ரயில் பாதைகளின் சிற்றுண்டிச் சாலைகளில் நிலவிய அந்தப் பேதம் பெரியாரின் கிளர்ச்சியால் 1941-ல்தான் ஒழிந்தது. தேநீருக்கு அத்தகைய குலப்பெருமை ஒன்றும் கிடையாது. அது ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் முஸ்லிம் வியாபாரியும் அருந்திய பானம். பல ஊர்களில் அதைக் கொண்டுவந்து கடை வைத்தவர் மலையாள தேசத்திலிருந்து வந்தவர், ஆதலால் நெடுங்காலம் ‘நாயர் கடை’ என்றே பெயர். செம்பினாலான பாய்லரின் அடியில் ஒரு காசைப் போட்டுவைப்பது பழைய கடைக்காரரின் வழக்கம். தண்ணீர் கொதிக்கும்போது காசு கலகலவென்று ஆடும். சத்தம் ஓய்ந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். முதுகைத் திருப்பிக்கொண்டு வடை போடுகிறவரும் காதாலேயே அடுப்பைக் கவனித்துக்கொள்ளலாம்.

கடைக்கு முன்னே இரண்டு முக்காலிகளின்மேல் ஒரு பலகை, அதுதான் பெஞ்சு. 1942-ல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’ எளிய தமிழில் பெரிய எழுத்தில் வரத் தொடங்கியபின், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்பது அந்தப் பெஞ்சின் நித்தியக் காலைக் கடனாயிற்று. 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றி, அதன் பத்திரிகைகளும் மேடைப் பேச்சுகளும் கிராமம் கிராமமாகப் பரவியபோது, கட்சிக் கிளைக்குத் தனிக் கட்டடம் இல்லாத ஊர்களில் டீக்கடையும் முடிதிருத்தும் நிலையமுமே கிளைகளாக இருந்தன.

ஆனால், காசு கொடுத்தவன் எவனும் உட்காரலாம் என்ற தத்துவம் அந்தப் பலகையில் பூரணமாக நிறைவேறவில்லை. தமிழ்நாட்டின் அநேக கிராமங்களைப் போலவே இங்கும் சேரி மக்களுக்கென்று தனிக் குவளை இருந்தது. கண்ணாடித் தம்ளர் ஒருவருக்கு, தகரக் குவளையோ சிரட்டையோ மற்றவருக்கு. ஒருவர் பெஞ்சில் அமர, மற்றவர் தரையில் குந்தியோ நின்றபடியோ குடித்துவிட்டுத் தம் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு கடைகளிலும் உணவு விடுதிகளிலும் யாரையும் தடுக்கலாகாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனையும் விதித்தது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளையைக் களையப் பல தலைமுறையினர் போராட நேர்ந்தது. சில கடைக்காரர்கள் எல்லாருக்கும் காகிதக் கோப்பையை நீட்டிச் சண்டையைத் தவிர்த்துக்கொண்டார்கள். அது சமாதானமே தவிர சமத்துவம் அல்ல.

தேயிலைக்காகக் கடல் கடந்தவர்களின் கதைக்கு இனித் திரும்பலாம்; அதற்கு வழி அரியலூரில் நடந்த ஒரு ரயில் விபத்து. 1956 நவம்பர் 23-ந் தேதி விடியுமுன், பெருவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்ததைத் தேசம் இன்றும் போற்றுகிறது. அதே சாஸ்திரி பிரதம மந்திரியாகி, 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயகவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், மீதிப் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களைக் கேளாமலே பங்கிட்டார்கள். தாத்தா முன்பணம் வாங்கிச் சென்ற ஜில்லாவுக்குப் பேரன் திரும்பியபோது நிலமும் இல்லை, அடையாளம் கண்டுகொள்ள ஆளும் இல்லை. திரும்பியவர்களில் பலர் தாம் அறிந்த ஒரே தொழிலை நாடி நீலகிரிக்குச் சென்றார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1968-ல் வனத்துறை ஆரம்பித்த தேயிலைத் திட்டமே 1976-ல் ‘டேன்டீ’ என்னும் அரசுக் கழகமாயிற்று. கடல் கடந்துபோன குடும்பங்கள் நீலகிரியில் மறுபடியும் பறித்த இலை, தூளாகித் தமிழ்நாட்டு டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

இப்பொழுது இங்கே நல்ல டீக்கடையைத் தேடும் பிரயாணிக்குச் சில குறிப்புகள் சொல்லலாம். அரியலூரின் பூமி சுண்ணாம்புப் பாறை. அதனால்தான் 1979-ல் தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலையும், பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. அந்தப் பாறையில் ஊறிய கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதில் போட்ட தேநீர் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஏடு படியும். ஆகவே கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பாய்லருக்கு ஊற்றுகிற கடையே உத்தமம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் தேநீர் கடுப்பாக இருக்கும், ஏனெனில் ஓட்டுநர்கள் தூக்கத்தை விரட்டவே குடிக்கிறார்கள். கறந்த பால் வரும் விடியற்காலையும் பிற்பகலும் நல்ல வேளை. விஷயம் தெரிந்தவர் கடைக்காரரிடம், “தூள் மாத்தியாச்சாண்ணே?” என்று கேட்டுவிட்டே டீ சொல்லுவார். துணி வடிகட்டியில் புதுத் தூள் போட்டு, முதல் கொதிநீர் இறங்கியவுடன் பாலில் கலந்து, தம்ளருக்கும் குவளைக்கும் இடையே இரண்டு தரம் ஆற்றிக் கொடுத்தால், அதற்குமேல் பண்டிதம் பேச ஒன்றுமில்லை. நாற்கரச் சாலை பெரம்பலூரை ஒதுக்கிச் சென்றபின், சிறுவாச்சூர், பாடாலூர் மார்க்கத்தில் பித்தளை டபரா காட்டும் காப்பிக் கடைகள் பெருகியிருக்கின்றன. அவற்றில் அலங்காரத்துக்குக் குறைவில்லை.

ஆயினும் கிளாஸ்கோவில் தேநீர் அறை சாதித்ததை நம் டீக்கடை இன்னும் சாதிக்கவில்லை. பருத்திக்காட்டில் களை எடுக்கும் பெண்களுக்கும் சின்ன வெங்காயம் அறுக்கும் பெண்களுக்கும் தேநீர் தூக்குவாளியில் வரப்புக்குத்தான் போகிறது. ரோட்டோரப் பெஞ்சில் ஒரு பெண் தனியே அமர்ந்து பத்திரிகை வாசிப்பது அபூர்வம். பஸ் நிலையத்தை ஒட்டிய பேக்கரிகளில் மேஜையும் நாற்காலியும் வந்தபின், கல்லூரி மாணவிகள் கூட்டமாக வந்து அமர்ந்து, பப்ஸும் டீயும் சாப்பிட்டுச் சாவகாசமாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். பெஞ்சு மறுத்ததைப் பேக்கரி கொடுக்கிறது. வெளியூர் சென்று நல்ல தேநீர் தேடுகிறவர்கள் கோப்பையை ருசி பார்ப்பதற்கு முன்னால், எவரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், எவர் நின்று குடிக்கிறார்கள், எவரைக் காணவே இல்லை என்று ஒரு தரம் பார்ப்பது நல்லது. லண்டனானாலும் பெரம்பலூரானாலும் ஒரு கடையை மதிப்பிட இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.