கெய்ரோ: வந்தவர் கண்ணும் வாழ்ந்தவர் கண்ணும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது அயலூர்ப் பயணியின் குறிப்புகளைத்தான். உள்ளூரார்க்குப் பழகிப் போனவை வந்தவர் கண்ணுக்குப் புதுமையாகப் படும். எனவே அவர் அவற்றை எழுதி வைப்பார் என்பது நம் நம்பிக்கை. மதுரை சுல்தான்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்னு பதூதாவை நாம் நாடுவதும் இதனால்தான். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று உரசிப் பார்க்கப் பதினான்காம் நூற்றாண்டின் கெய்ரோ நல்லதோர் உரைகல். அந்நகரை வெளியிலிருந்து வந்து கண்ட இருவரும், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவரும் எழுதியவை நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதலாமவர் அதே இப்னு பதூதா. மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்தவர். 1325இல், இருபத்தொரு வயதில், ஹஜ் பயணமாகப் புறப்பட்டு மறு ஆண்டு கெய்ரோ வந்து சேர்ந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் மம்லூக் சுல்தான் அந்-நாசிர் முஹம்மது. நகரின் பெருக்கத்தைச் சொல்ல வந்த பதூதா மூன்று கணக்குகளைத் தருகிறார்: ஒட்டகங்களில் தண்ணீர் கொண்டுவருவோர் 12,000 பேர்; கழுதையும் கோவேறு கழுதையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர்; நைல் நதியில் ஓடும் படகுகள் 36,000. இவை யாரும் எண்ணிப் பார்த்த கணக்குகள் அல்ல. பிறர் சொல்லக் கேட்டவை என்பதை அவரே மறைக்கவில்லை. அதுவும் 1355இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஃபெஸ் நகரில் இருந்துகொண்டு இப்னு ஜுஸய் என்பவர் எழுத, இவர் சொன்னவை.

எண்கள் போகட்டும், தொழில்கள் பொய்யல்ல. 969இல் பாத்திமியர் கெய்ரோவை நிறுவியது நைலின் கரையில் அன்று. ஆற்றிலிருந்து சற்று விலகி, பழைய ஃபுஸ்தாத் நகருக்கு வடகிழக்கே. கிணற்று நீரோ உவர்ப்பு. ஆகவே குடிநீர் தோற்பைகளில் நிரம்பி, ஒட்டகத்தின் முதுகிலேறி ஊருக்குள் வரவேண்டியிருந்தது. தெருவில் பதூதா கண்ட நெரிசலில் ஒரு பங்கு தண்ணீர் வந்த நெரிசல்! நம் மலபார் மிளகும் செங்கடல் கடந்து, நைல் வழியே இந்நகர் வந்து, பின்னர் அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வணிகர் கைக்கு மாறியது. 1284இல் சுல்தான் கலாவூன் தொடங்கிய மருத்துவமனையை வருணிக்கத் தம்மால் இயலாது என்று பதூதா வியந்து நிற்கிறார்.

1347இன் இறுதியில் கொள்ளைநோய் அலெக்சாந்திரியாவில் கரையேறியது. எகிப்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ மடிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. 1348இல் பதூதா கெய்ரோவுக்குத் திரும்பி வந்தார். நாளொன்றுக்கு 21,000 பேர் இறந்ததாக அவரிடம் சொன்னார்கள். இதுவும் மிகைதான். ஆயினும் அடுத்து அவர் சொல்வது மிகையன்று: தாம் முன்பு அறிந்திருந்த பெரியவர்கள் யாவரும் இறந்துவிட்டனர். முதல் வருகையை விரித்துரைத்தவர் இம்முறை சில வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்.

இரண்டாமவர் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். துனிசில் பிறந்தவர், அதே கொள்ளைநோயில் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் பறிகொடுத்தவர். மக்கள் தொகை குறைந்தால் நகரமும் தொழிலும் நாகரிகமும் தேயும் என்று 1377இல் ‘முகத்திமா’ நூலில் நிறுவியவர். இத்தகையவர் 1383இன் தொடக்கத்தில், ஐம்பது வயதில், கெய்ரோவுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கிறார். தேய்வின் இலக்கணம் வகுத்தவர் அங்கே தேய்வைக் கண்டாரா? இல்லை. உலகிலேயே தலையாய நகரம் இதுவென்று தம் தன்வரலாற்றில் மனம் நிறைந்து புகழ்கிறார்.

அவர் கண்டது பொய்யா எனில், அதுவும் இல்லை. துனிசையும் ஃபெஸையும் கண்ட கண்ணுக்குக் கெய்ரோ அன்றும் மாநகரமே. 1356இல் தொடங்கிய சுல்தான் ஹசனின் பெரும் பள்ளிவாசலும் மதரசாவும் கோட்டைக்கு எதிரே வானளாவி நின்றன. ஆனால் அக்கட்டடம் எழுந்த பின்னணியை எண்ணிப் பாருங்கள். கொள்ளைநோயில் வாரிசின்றி மாண்டவர்களின் சொத்து அரசுக்கு வந்து சேர்ந்தது. இப்பெருஞ்செலவுக்கு அது கைகொடுத்தது என்பர் வரலாற்றாசிரியர். புதிதாய் வந்தவர் கோபுரத்தைப் பார்ப்பார். அதற்கு அடியில் கிடக்கும் வெற்று வீடுகளை எங்ஙனம் அறிவார்?

அதைச் சொல்ல மூன்றாமவர் வரவேண்டியிருந்தது. 1364இல் கெய்ரோவில் பிறந்த அல்-மக்ரீசி, இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். 1399இல் நகரின் அங்காடிகளைக் கண்காணிக்கும் ‘முஹ்தசிப்’ பதவி வகித்தவர். அவர் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த கொள்ளைநோயை எழுதும்போது, ஸுவைலா வாயிலிலிருந்து நஸ்ர் வாயில்வரை யார்மீதும் இடிபடாமல் நடக்கலாம் என்றாகிவிட்டதைப் பதிவு செய்கிறார். சுமக்க ஆளும் ஒட்டகமும் இல்லாமல் தண்ணீரின் விலை ஏறியதாம். பதூதா வியந்த தண்ணீர்க்காரர்கள் என்னவானார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

‘கிதத்’ என வழங்கும் அவரது பெருநூல் தெருத்தெருவாகக் கெய்ரோவை வலம் வருகிறது. தம் இளமையில் நள்ளிரவு வரை ஒளிர்ந்த மெழுகுவர்த்திக் கடைவீதி பின்னர் விரல்விட்டு எண்ணும் கடைகளாய்ச் சுருங்கியதை அதில் காண்கிறோம். 1403இல் நைல் பொய்த்து வந்த பஞ்சமும் விலையேற்றமும் ஊரைச் சாய்த்தன என்பது அவர் துணிபு. ஒன்றை மறக்கலாகாது: மக்ரீசி ஏங்கிய அந்த இளமைக்காலக் கெய்ரோதான் இப்னு கல்தூன் வந்து கண்ட கெய்ரோ. வந்தவரின் புகழ்ச்சிக்கு வாழ்ந்தவரின் ஏக்கமே சான்றாகிறது. இளமையில் கண்ட தெரு எவர்க்கும் பொலிவாகவே தெரியும் என்பதையும் நாம் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பயணி பொய் சொல்வதில்லை. இருப்பதைக் கண்டு எழுதுகிறார். இல்லாமற் போனதைக் காண்பதற்குக் கண் போதாது, நினைவு வேண்டும். பதூதாவுக்கே அந்நினைவு 1348ஆம் ஆண்டு வருகையில்தான் வாய்த்தது. மதுரையை அவர் கண்டதோ ஒரே ஒரு முறை, நாற்பதுகளின் தொடக்கத்தில். அங்கும் ஒரு கொள்ளைநோயை அவர் குறித்திருக்கிறார். அவர் வருவதற்கு முன் அந்நகர் எப்படி இருந்தது என்பதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு நம் கல்வெட்டுகளையும் கோயில்களையும்தான் கேட்க வேண்டும்.