ரோட்ல வெள்ளைக்கோடு கையால எப்படி போடுறாங்க? ராத்திரியில மின்னுறதுக்கு என்ன காரணம்?

நெடுஞ்சாலைகளில் கோடு போட மெஷின் வைத்த வண்டிகள் வந்துவிட்டன. ஆனால் நகரத்துத் தெருக்களில் ஜீப்ரா கிராசிங், அம்புக்குறி, 'பள்ளி', 'மெதுவாக' போன்ற எழுத்துகள் பெரும்பாலும் இன்னமும் கைவேலைதான். டிராஃபிக் குறைந்த பிறகு ராத்திரியில் நடக்கிற வேலை என்பதால் பலரும் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வேலை பெயிண்ட் அடிப்பது இல்லைங்க, பெருக்குவது. தூசியோ ஈரமோ இருந்தால் கோடு ரோட்டில் ஒட்டாது, பத்தை பத்தையாகப் பெயர்ந்துவிடும். அடுத்து நூல் பிடிப்பார்கள். கொத்தனார் செய்வது போலத்தான். சாக் பவுடர் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி 'டப்'னு விட்டால் தார் மேல் நேர்கோடு விழும். வளைவுக்கு ஆணியும் கயிறும். ஜீப்ரா கிராசிங் என்றால் 50 செ.மீ. பட்டை, 50 செ.மீ. இடைவெளி என அளந்து குறிப்பார்கள்.

பெயிண்ட்டா, தெர்மோபிளாஸ்டிக்கா?

சாதாரண பெயிண்ட்டுக்கு பிரஷ், ரோலர் போதும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் இப்போது அதிகம் பயன்படுவது தெர்மோபிளாஸ்டிக். மூட்டையில் பொடியாக வரும். காஸ் அடுப்பு பொருத்திய கொப்பரையில் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் தோசை மாவு பதத்துக்கு இளகும். அதைத் தள்ளுவண்டியில் ஊற்றி, குறித்த கோட்டின் மேல் ஒரே வேகத்தில் நடந்து தள்ள வேண்டும். வண்டியின் அடிவாய் வழியாக 2.5 மி.மீ. கனத்தில் கோடு விழும். கொஞ்சம் தயங்கி நின்றாலும் அங்கே திட்டாகத் தங்கிவிடும்.

பஜ்ஜி எண்ணெய் அளவுக்குச் சூடு இது. தோலில் பட்டால் வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்திலேயே வண்டிகளும் பறக்கும். கூம்பு வைத்திருப்பதைப் பார்த்தால் பிரேக்கில் கால் வைப்பது இதற்காகத்தான்.

எழுத்துகளை ஏன் இவ்வளவு நீளமாக இழுக்கிறார்கள் என்று தோன்றலாம். டிரைவர் மேலிருந்து பார்ப்பதில்லை, தூரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறார். அந்தக் கோணத்தில் எழுத்து குறுகித் தெரியும் என்பதால் முன்கூட்டியே நீட்டி எழுதுகிறார்கள். இதில் தமிழுக்கு வேலை அதிகம். 'பள்ளி'யில் வரும் 'ள்ளி' சுழிகளை நீட்டியும் படிக்கிற மாதிரி கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கண்ணாடி மணி இல்லேன்னா ராத்திரியில் கோடு இல்லை

கோடு சூடாக இருக்கும்போதே அதன் மேல் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு. ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது இந்த மணிகள்தான். மணி பாதி அளவு கோட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். முழுசா முங்கினால் மின்னாது, மேலோட்டமாக ஒட்டினால் டயர் பட்டு உதிர்ந்துவிடும். சூடு ஆறிய பிறகு தூவினால் பலனே இல்லை.

தூவாமலே விட்டால்? மேல் மணி இல்லாத புதுக்கோடும் பகலில் பளிச்சென்றுதான் தெரியும். இருட்டில்தான் வித்தியாசம் புரியும். உங்கள் தெருவில் சோதிக்க, ராத்திரி வண்டி வராத நேரமாகப் பார்த்து ஓரமாக நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து கோட்டின் மேல் அடித்துப் பாருங்கள். மணி இருந்தால் கோடு பளபளக்கும்.