மூன்றாவது பெயர்

ஏற்காட்டில் மூன்று நாளாக வெயிலே இல்லை. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காத கவலை ஒரு பக்கம். இன்று டிசம்பர் 10. அதனால் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

1971 போரின்போது நான் பள்ளி மாணவன். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்து எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றுதான் டெல்லி செய்தி கேட்போம். பிறகு ஆசிரியரானதும் அந்தப் போரை எத்தனையோ வருடம் பாடம் நடத்தினேன். விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய காஜி நீர்மூழ்கி, வங்கக் கடலில் விக்ராந்த், டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட குக்ரி. அதில் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கப்பலோடு போன கேப்டன் முல்லாவைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

போன வருடம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். நம் மலைக் கிராமத்துப் பையன், அரக்கோணம் கடற்படை விமானத் தளத்தில் வேலை. "சார், குக்ரி சொன்னீங்க. மறுநாள் போன அலிசே விமானத்தைப் பத்திச் சொல்லவே இல்லையே?" என்றான். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அவனிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன்.

அலிசே பிரெஞ்சுத் தயாரிப்பு. நம் புவியியல் பாடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதற்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஒற்றை இஞ்சின், முன்னால் காற்றாடி, வயிற்றுக்கடியில் ரேடார், மூன்று பேர். நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே செய்தது. 1961-ல் வாங்கிய புதிதில் இவை இருந்தது நம் கோயம்புத்தூர் சூலூரில்! கடலே இல்லாத ஊரில் கடற்படை விமானத் தளம். 1964-ல்தான் கோவாவுக்குப் போனது.

1971 டிசம்பர் 10 அன்று குஜராத் கரைக்கு அப்பால் அரபிக் கடலின் மேல் ஓர் அலிசே பறந்துகொண்டிருந்தது. எதிரே வந்தது பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட், ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகக்கூடியது. அலிசேயோ காற்றாடி விமானம். மாட்டு வண்டியை லாரி துரத்தின கதைதான். சுட்டு வீழ்த்தப்பட்டது. மூவரும் திரும்பவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை.

லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய். லெப்டினன்ட் சிரோஹி. விஜயன்.

நான் படித்த பல இடங்களில் முதல் பெயர் மட்டும் இருக்கிறது, சில இடங்களில் இரண்டு. மூன்றாமவர் அதிகாரி அல்லர், விமானத்தில் கருவிகளைக் கவனித்த கடற்படை வீரர். அவர் பெயரைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். முப்பது வருடம் வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். கடைசி பெஞ்சுப் பையனின் பெயரை விட்டுவிட்டால் அவன் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். விஜயன் எந்த ஊர், என்ன வயது, வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. கடலில் போனவருக்குப் போய் நிற்க ஒரு சமாதிகூட இல்லை.

டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் கருங்கல் சுவர்களில் வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் 1971 கடற்படை வரிசையில் இந்த மூன்று பெயரையும் தேடிப் பாருங்கள். கண்டால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். விஜயன் பெயர் எழுத்து சரியாகத் தெரியும்படி, கொஞ்சம் கிட்டப் போய் எடுங்கள்.