கள் ஆப்பம்

கள் ஆப்பம் என்பது பச்சரிசி மாவில் கள் ஊற்றிப் புளிக்கவைத்துச் சுடப்படும் ஆப்பம். கேரளத்திலும் இலங்கையிலும் இம்முறை தொடர்கிறது. பனைமரங்கள் நிறைந்த இராமநாதபுரம் கரையில் இதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

புளிக்கும் விதம்

பனம்பாளையைச் சீவும்போது வடியும் இனிப்புச் சாறு, இயற்கையாகச் சேரும் ஈஸ்டினால் சில மணி நேரத்தில் கள்ளாகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டுப் பதநீர் கிடைக்கும். கள்ளிலுள்ள ஈஸ்ட் மாவில் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. சட்டியின் சூட்டில் அந்தக் குமிழிகள் விரிந்து ஆப்பம் கண்கண்ணாக வேகிறது. மேலை நாடுகளில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் பியர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிக்கும்போது, மேல்மாவை இலேசாக்குவதும் பியரில் கரைந்துள்ள இதே வாயுதான்.

மதுவிலக்கும் மாவும்

1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பியது. 1981-இல் மீண்டும் திறக்கப்பட்ட கள்ளுக்கடைகள் 1987-இல் மூடப்பட்டன. அன்று முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். சாயல்குடிப் பகுதிப் பனையேறிகளுக்குப் பதநீரும் கருப்பட்டியுமே எஞ்சின. ஆப்ப மாவுக்குத் தேங்காய்த் தண்ணீர், சோடா உப்பு, கடை ஈஸ்ட் ஆகியவை துணையாயின.

எதிர்க்கரை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பல் ஓடியது. அக்கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கள் விற்கப்படுகிறது. அப்ப மாவுக்குக் கள் விடும் வழக்கமும் உண்டு. இராமநாதபுரத்திலோ, 2003 முதல் டாஸ்மாக் சில்லறையாக விற்கும் பியரை மாவில் ஊற்றத் தடையில்லை. ஊர்ப் பனையின் கள்ளுக்குத் தடை உண்டு.