கிட்லேப்பும் குபெர்னெட்டீசும்: சாவியை யாரிடம் கொடுப்பது?

நிரல் எழுதுவது ஒரு வேலை. எழுதிய நிரலை அது ஓட வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையில்தான் எனக்கு அதிக அடி விழுந்திருக்கிறது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு அறிமுகம். கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு திறமூலமாக வெளியிட்ட மென்பொருள் குபெர்னெட்டீஸ். பல கணினிகளை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து, அவற்றில் கண்டெய்னர்களை ஓடவைத்துக் கண்காணிப்பது இதன் வேலை. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். நம் மொழியில் மீகாமன். கிட்லேப் என்பது நிரல்களைச் சேமித்து, சோதித்து, வெளியிட உதவும் தளம். 2011-இல் உக்ரைனைச் சேர்ந்த டிமித்ரி சப்பரோஷெட்ஸ் இதைத் தொடங்கினார்.

முன்பெல்லாம் இவ்விரண்டையும் இணைக்க, கிளஸ்டரின் முகவரி, சான்றிதழ், டோக்கன் ஆகிய மூன்றையும் கிட்லேப்பிடம் கொடுத்துவிடுவோம். இதில் இரண்டு குறைகள். கிளஸ்டரின் கதவை வெளியிலிருந்து வருபவருக்குத் திறந்து வைக்க வேண்டும். மேலும், கொடுக்கும் டோக்கன் பெரும்பாலும் முழு அதிகாரம் கொண்டதாக இருக்கும்.

நானும் அப்படித்தான் செய்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சோதனைப் பகுதியைத் துடைப்பதற்காக எழுதிய வரியில் பெயர்வெளியின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த பகுதி முழுவதும் அழிந்தது. மீட்டெடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. தவறு என்னுடையதுதான். ஆனால் அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறந்தது என்பதும் உண்மை.

2021 நவம்பரில் வந்த 14.5 பதிப்பில் கிட்லேப் அந்தப் பழைய முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. இப்போதுள்ள வழி, ஏஜென்ட் எனப்படும் முகவர். செய்முறை இதுதான்:

1. திட்டத்தின் முதன்மைக் கிளையில், முகவரின் பெயரிலான கோப்புறையில் ஓர் அமைப்புக் கோப்பை வைக்க வேண்டும்.

2. கிட்லேப்பின் குபெர்னெட்டீஸ் பக்கத்தில் அம்முகவரைப் பதிவு செய்தால் ஒரு டோக்கன் கிடைக்கும். அது ஒருமுறைதான் காட்டப்படும், உடனே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

3. அந்த டோக்கனைக் கொண்டு, ஹெல்ம் வழியாக முகவரைக் கிளஸ்டருக்குள் நிறுவ வேண்டும். முகவர் உள்ளிருந்து வெளியே கிட்லேப்பைத் தொடர்புகொள்கிறார். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கதவு திறக்கத் தேவையில்லை.

4. வேறு திட்டங்களும் இம்முகவரைப் பயன்படுத்த வேண்டுமானால், அவற்றின் பெயர்களை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பிறகு பைப்லைன் வேலையின் தொடக்கத்தில், திட்டத்தின் பாதையையும் முகவரின் பெயரையும் சேர்த்து, எந்தக் கிளஸ்டர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்துடன் முடிந்தது என்று பலரும் எழுந்துவிடுகிறார்கள். இங்கேதான் கவனம் தேவை. கிட்லேப் தரும் நிறுவல் கட்டளையை அப்படியே இயக்கினால் முகவருக்குக் கிளஸ்டர் முழுவதன் நிர்வாக அதிகாரமும் கிடைத்துவிடும். பைப்லைன் வேலைகள் வழக்கமாக முகவரின் அதிகாரத்திலேயே நடப்பதால், பழைய சாவி புதிய சட்டைப்பைக்கு இடம் மாறியதாகவே ஆகும்.

ஆகவே நான் இப்போது செய்வது இது. சோதனைக்கு ஒரு முகவர், உண்மையான பயன்பாட்டுக்கு இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தனி சர்வீஸ் அக்கவுண்ட். அதன் அதிகாரம் ஒரு பெயர்வெளிக்குள் மட்டும். பயன்பாட்டு முகவரை அனுமதிக்கும் திட்டத்தில் எழுதும் உரிமை ஓரிருவருக்கே. நிறுவியபின், 'இந்தக் கணக்கால் அந்தப் பெயர்வெளியில் அழிக்க முடியுமா?' என்று குபெர்னெட்டீசையே கேட்டுப் பார்ப்பேன். அதற்கென்றே கட்டளை இருக்கிறது. இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை.

அந்த வெள்ளிக்கிழமை இந்த வரம்பு இருந்திருந்தால், என் தவறான வரிக்கு 'அனுமதி இல்லை' என்ற பதில் மட்டுமே கிடைத்திருக்கும். நானும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.